வெயிலில் பெருகிய ஆறு

கண் விழித்தபோது முதலில் காதில் விழுந்தது ஓர் இரைச்சல்.

அருப்புக்கோட்டையில் நான் குடியிருக்கும் தெருவில், மின்சாரம் நின்று மீண்டும் வரும் வேளைகளில் விசைத்தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெறும். முதலில் தெருக்கோடியில் ஒரு தறி. பிறகு எதிர்வீட்டில் இரண்டு. சற்று நேரத்தில் தெரு முழுவதும் ஒரே ஓசையாகிவிடும். அரைத்தூக்கத்தில் அதைத்தான் கேட்கிறேன் என்று எண்ணினேன். மின்சாரம் வந்துவிட்டது, இனி விசிறி சுழலும் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். முதுகில் கூழாங்கல் உறுத்தியது.

நான் படுத்திருந்தது கிர்கிஸ்தான் நாட்டில், தியான் சான் மலைத்தொடருக்குள், பெயர் அறியாத ஓர் ஆற்றின் நட்டநடுவில்.

எழுந்து உட்கார்ந்தேன். எங்களுக்கும் நாங்கள் இறங்கிவந்த கரைக்கும் இடையில், உண்ணும்போது வெறுங்கல்லாகக் கிடந்த பள்ளத்தில், சாம்பல் கரைத்த பால்போலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மறுபுறம் கணுக்கால் நனையாமல் தாண்டக்கூடியதாக இருந்த சிறு வாய்க்கால் நான்கு மடங்கு அகன்றிருந்தது.

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை.

அக்கா பாக்கியம் வண்டியின் நிழலில், தலைக்குத் துண்டை மடித்து வைத்து உறங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர், என் அத்தான், குக்கரைக் கழுவத் தண்ணீர் தேடி மறுபுறம் போகவேண்டியதில்லை என்பதைக் கண்டு மகிழ்ந்து, இருந்த இடத்திலேயே குனிந்து கழுவிக்கொண்டிருந்தார்.

ஆறு என்றால் மணல்

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருவோர்க்கு அக்காவைத் தெரியும். இவ்வாரம் புதிதாகக் கையில் எடுப்போர்க்காகச் சொல்கிறேன். உலகின் ஒதுக்குப்புறமான வழிகளில் நாங்கள் மூவர் போய்வருகிறோம். அவற்றில் வண்டி ஓட்டுபவள் அக்கா. சமைப்பவர் மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அத்தான். கல்லூரியில் தமிழ் நடத்திவிட்டு ஓய்வுபெற்ற தங்கை எனக்கு இடப்பட்ட வேலை வரைபடம் பார்ப்பது. எனக்கும் அத்தானுக்கும் வண்டி ஓட்டத் தெரியாது.

அக்கா வாழ்க்கைப்பட்டது நரிக்குடிப் பக்கம் ஒரு மானாவாரிச் சிற்றூரில். அத்தான் மின்கம்பங்களைப் பார்க்க அலைந்த காலத்தில், கண்மாயிலிருந்து வண்டல் அள்ளிவர ஆள் கிடைக்காமல், அவளே டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு இறங்கவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்டுல எங்கன உக்காந்தாலும் ஆராச்சும் எந்திரிக்கச் சொல்லுவாக. இதுல உக்காந்தா ஒருத்தரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாக" என்றாள்.

எங்கள் வறண்ட பக்கத்தில் ஆறு என்பது மணல். குண்டாறு ஆண்டில் சில நாள் ஓடும். எஞ்சிய நாளெல்லாம் அதில் மாட்டுவண்டி போகும், லாரி போகும், ஆடு மேயும், பந்து விளையாடுவார்கள். நேர்த்திக்கடனுக்குக் கிடா வெட்டினால் ஆற்றுக்குள்தான் அடுப்பு மூட்டுவார்கள். வெள்ளம் வருவதானால் அது சொல்லாமல் வராது. மேற்கே கறுக்கும், இடி இடிக்கும், ஊரே கரைக்கு வந்து நின்று வேடிக்கை பார்க்கும். வானம் வெளுத்திருக்கும் நாளில் ஆற்றைக் கண்டு ஒதுங்குபவரை எங்கள் பக்கத்தில் அறிவுக்குறை உள்ளவராகத்தான் நினைப்பார்கள்.

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் நமீபியா என்றொரு நாடு இருக்கிறது. முந்தைய பயணம் அங்கேதான். அங்கும் ஆறு என்றால் மணல். பகல் முழுவதும் ஆற்றுப்படுகையையே சாலையாகக் கொண்டு ஓட்டினோம். தொலைவில் யானைகள் மரத்தடியில் நின்றன. புழுதி, வெளுத்த வெயில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை முள். அத்தான் வழி நெடுகிலும் "இது திருச்சுழிதான், இது திருச்சுழிதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

காரியாபட்டித் திருமண வீடு

நமீபியாவில் ஒரு வளைவில் வண்டி மணலில் சறுக்கி, ஒருக்களித்துப் படுத்துவிட்டது. எவருக்கும் காயமில்லை. அவ்வழியே வந்தோர் கயிறு கட்டி நிமிர்த்திக் கொடுத்தனர். ஊர் திரும்பியபின் அதை மகனிடம் சொல்லவேண்டாம் என்று அக்கா முடிவு செய்தாள். மகன் செந்தில் காரியாபட்டியில் வீடு கட்டிக்கொண்டு, நாள்தோறும் மதுரைக்கு வேலைக்குப் போய்வருகிறான். எதற்கும் முதலில் கவலைப்படுகிறவன்.

சில வாரம் கழித்துக் காரியாபட்டியில் ஒரு திருமணம். பந்தியில் அத்தான் பக்கத்தில் இருந்தவரிடம் கைபேசியில் யானைப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். யானைக்கு அடுத்த படம் ஒருக்களித்துக் கிடந்த வண்டி. அதன்மேல் கைவைத்து, வேட்டையாடியவர்போல அத்தான் நின்றிருந்தார். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த செந்தில் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்துவிட்டான்.

பந்தி முடியும்வரை பரிமாறினான். வீட்டுக்கு வந்தபின் தாயிடம் கேட்டான்.

"கவுந்ததுக்காக நான் கோவப்படல. ஊரே பாத்த போட்டாவ நான் கடேசியாப் பாக்குறேன். இதுக்குமேல நீங்க போயித்தான் ஆகணுமா?"

அக்கா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"இன்னொரு தடவ போறேன். வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் சாவியக் கீழ வச்சுருவேன். அதுக்குப் பெறகு நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். இது வாக்கு."

அக்கா வாக்கு என்னும் சொல்லை எளிதில் பயன்படுத்துபவள் அல்லள். என் அறிவுக்கு எட்டியவரை அதற்கு முன் ஒருமுறையோ இருமுறையோதான் அவள் வாயில் அதைக் கேட்டிருக்கிறேன்.

நெசவுத்தெருவிலிருந்து மலைக்கு

கிர்கிஸ்தானை எங்களுக்குக் காட்டியவள் என் எதிர்வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் நெசவாளர் குடும்பம். அங்கே மருத்துவம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பச்சைப் புல்வெளி, அதற்கு மேல் பனி, நடுவே நூல் இழுத்ததுபோல ஒரு மண்சாலை. அக்கா படத்தை விரலால் பெரிதாக்கிச் சாலையை மட்டும் பார்த்தாள். "இது எங்கிட்டுப் போகுது?" என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டுக் கோடையில் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

தலைநகரில் ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்தோம். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்டவேண்டும். முதல் நாள் முழுவதும் அத்தான் "வலது, வலது" என்று செபித்துக்கொண்டே வந்தார். அக்கா பொறுத்துப் பார்த்து, "ஏங்க, நீங்க சொல்றதக் கேட்டாத்தான் எனக்கு எடது எதுன்னு மறந்து போகுது" என்றாள். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை. கையை மட்டும் வலப்புறம் நீட்டிக்கொண்டிருந்தார்.

நரின் என்னும் ஊரைக் கடந்ததும் தார்ச்சாலை முடிந்தது. அதற்கப்பால் நான் கண்டதை எழுத முயன்று பலமுறை கிழித்துப் போட்டிருக்கிறேன். பள்ளத்தாக்கு அவ்வளவு அகலம். அதில் மரம் என்று ஒன்றில்லை. புல் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. மேகத்தின் நிழல் ஒன்று மலைச்சரிவில் இறங்கி, சமவெளியைக் கடந்து, எதிர்மலையில் ஏறி மறையும்வரை கண்ணால் தொடரலாம். குதிரைகள் கட்டவிழ்ந்து மேய்ந்தன. தடித்த அணில்போன்ற ஒரு விலங்கு வளையின் வாயில் நிமிர்ந்து நின்று எங்களை நோக்கிச் சீழ்க்கையடித்துவிட்டு உள்ளே போயிற்று. எதிரே ஒரு வண்டி வந்தால் அன்று முழுவதும் அதைப் பற்றிப் பேசினோம்.

காற்றில் ஒரு மணம் இருந்தது. மாசிப்பச்சையும் ஈரக் கம்பளியும் கலந்த மணம். இன்றும் மழையில் நனைந்த போர்வையை எடுக்கும்போது அந்தப் பள்ளத்தாக்கு நினைவுக்கு வருகிறது.

அவ்வழியின் முடிவில் ஒரு கணவாய். அதைத் தாண்டினால் மறுபுறம் ஒரு சிற்றூர். எதிர்வீட்டுப் பெண் காட்டிய படத்தில் இருந்த சாலை அந்தக் கணவாய்க்குத்தான் ஏறியது. கணவாய்க்கு முன்னால் குறுக்கே அந்த ஆறு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது ஆகவில்லை. படுகை, எங்கள் ஊர்க் கண்மாய் அகலம் இருந்தது. முழுவதும் வெள்ளைக் கூழாங்கல். மறுகரையோரம் ஒல்லியாக ஒரு தண்ணீர்த்தடம். மேட்டில் காற்று அறைந்துகொண்டிருந்தது, அடுப்பு நிற்காது. படுகைக்குள் இறங்கினால் காற்றில்லை. கையெட்டும் தொலைவில் தண்ணீர்.

எங்கே வண்டியை நிறுத்துவது என்று எங்களில் எவரும் ஒரு கணமும் எண்ணிப் பார்க்கவில்லை. அக்கா இறக்கினாள். நடுவில் சற்று மேடாக இருந்த இடத்தில் நிறுத்தினாள். அந்த உயரத்தில் சட்டியில் அரிசி வேகாது என்பதால் ஊரிலிருந்து குக்கரைச் சுமந்துவந்திருந்தோம். அது மூன்றுமுறை கூவியபோது மலை மூன்றுமுறை திருப்பிக் கூவியது. சோறு, பருப்பு, கொள்ளுத் துவையல். உண்டபின் படுத்தோம். எங்கள் ஊர் ஆற்றில் உண்டபின் வேறென்ன செய்வோம்?

மடையைத் திறந்தவன்

"அக்கா, எந்திரி. தண்ணி வந்திருக்கு."

"எந்தத் தண்ணி?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"ஆத்துத் தண்ணி."

எழுந்தாள். கரையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடியும் தண்ணீரைப் பார்த்தாள்.

அத்தான் கையில் குக்கருடன் நிமிர்ந்தார். அவருடைய முகத்தில் அச்சத்தைவிடச் சினமே மிகுதியாக இருந்தது. "மழையும் இல்ல ஒண்ணும் இல்ல. எவனோ மேக்க மடையத் தொறந்து விட்டுட்டான்."

"இங்க ஏதுங்க மட?"

"மட இல்லாம தண்ணி எப்டி வரும்? ஆளுக இருக்காகளா இல்லையான்னு பாத்துத் தொறக்க வேணாமா?"

அவ்வேளையில் நாங்கள் இறங்கிவந்த கரைமேல் ஒருவர் குதிரையில் வந்து நின்றார். உயர்ந்த வெள்ளைத் தொப்பி அணிந்த நடுவயதுக்காரர். அத்தான் அவரை நோக்கி, மறுகரையில் நீர்ப்பாய்ச்சும் பங்காளியிடம் கேட்கும் குரலில், "யாருப்பா அங்க மடையத் தொறந்தது? அடைக்கச் சொல்லுப்பா" என்று கூவினார். குதிரைக்காரர் கையைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு சூரியனைச் சுட்டிக்காட்டினார். அங்கிருந்து விரலை நகர்த்தி, பள்ளத்தாக்கின் தலையில் வெள்ளையாய் ஒளிர்ந்த பனியைச் சுட்டினார். அங்கிருந்து ஆற்றை.

அக்காவுக்கு முதலில் புரிந்தது.

"வெயிலுதாங்க மடையத் தொறக்குது" என்றாள் மெதுவாக. "வெயிலு ஏற ஏறத் தண்ணி ஏறும். இன்னும் ஏறும். ஏறுங்க வண்டியில."

நான் பாயைச் சுருட்டினேன். அத்தான் அடுப்பை எடுக்கக் குனிந்தார். அந்த இடைவெளியில், கீழே வைத்த குக்கர் மெல்ல அசைந்து, திரும்பி, மூடியோடு புறப்பட்டுப் போயிற்று. அவர் அதன் பின்னால் இரண்டடி வைத்தார்.

"விடுங்க, போகட்டும்" என்றாள் அக்கா.

"அது எங்கம்மா குடுத்தது."

"அதுக்காக நீங்களும் கூடப் போறீகளா?"

குதிரைக்காரர் தண்ணீருக்குள் இறங்கினார். எங்களை நோக்கி நேராக வரவில்லை. மேலே சென்று, சாய்வாக இறங்கி, ஒரு வளைவு வரைந்ததுபோல வந்து சேர்ந்தார். தண்ணீர் குதிரையின் வயிற்றைத் தொடவில்லை. என்னைப் பின்தொடர் என்று கையசைத்துவிட்டுத் திரும்பினார்.

அக்கா இருக்கையில் அமர்ந்தாள். நான் அவளுடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தை இறுகப் பற்றாமல், பழகிய மாட்டின் கழுத்தில் கைவைத்ததுபோல வைத்திருந்தாள். முதல் கியரில் போட்டாள். குதிரையின் வாலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. தண்ணீர் முன்பக்கத்தில் மோதி இருபுறமும் எழுந்தது. கதவின் அடியிலிருந்து உள்ளே வந்து என் பாதத்தை நனைத்தது. அதன் குளிர் எலும்பில் தைத்தது. அடியில் ஒரு கல் உருண்டது, வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு "வலது, வலது" என்றார். எங்கோ தகரம் கிழியும் ஓசை கேட்டது. பிறகு முன்சக்கரம் கரையைப் பற்றியது.

நாங்கள் மேலேறித் திரும்பிப் பார்த்தபோது, சோறுண்ட மேடு சுருங்கி ஒரு பாயளவாக இருந்தது. சிறிது நேரத்தில் அதுவும் இல்லை.

அக்கா இறங்கி வண்டியைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் நின்றாள். எண் பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் இருந்தன.

வடியும்வரை

குதிரைக்காரரும் அவர் மனைவியும் கோடைக்குக் குதிரைகளோடு மேலே வந்து தங்குபவர்கள். கம்பளியால் போர்த்திய வட்டக் கூடாரம் ஒன்று கரையோரத்திலேயே இருந்தது. அந்த அம்மையார் எங்களை உள்ளே அழைத்து, அத்தானின் நனைந்த காலுறைகளைக் கழற்றி வாங்கி, அடுப்பின்மேல் தொங்கவிட்டார். தேநீர் வந்தது. ரொட்டியும் பாலேடும் வந்தன. புளித்த குதிரைப்பால் ஒரு கிண்ணம் வந்தது. அத்தான் குடித்துப் பார்த்து, "பழைய சோத்து நீச்சத்தண்ணி. உப்பும் வெங்காயமும் இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவான மொழி ஒன்றுமில்லை. ஆயினும் அந்த அம்மையார் நடந்ததை நன்றாகவே விளங்கிக்கொண்டார். குக்கர் மிதந்து போனதை அத்தான் கையால் நடித்துக் காட்டியபோது, அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளங்கையை உயர்த்தி, இப்போது தண்ணீர் இவ்வளவு என்றார். கன்னத்தில் கைவைத்து உறங்குவதுபோலக் காட்டினார். பிறகு உள்ளங்கையைத் தரையோரம் தாழ்த்தினார். காலையில் இவ்வளவுதான்.

நாங்கள் தண்ணீர் வருவதற்குக் காத்திருந்து பழகியவர்கள். கண்மாய்க்கு வருமா, மடைக்கு எட்டுமா, குழாயில் எந்த நாள் வரும் என்று பிறந்தது முதல் காத்திருக்கிறோம். தண்ணீர் போவதற்குக் காத்திருந்தது அன்று ஒருநாள்தான். வாசலில் உட்கார்ந்து அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீணாகப் போகிறதே என்று என் நெஞ்சு பதறியது. அதை யாரிடம் சொல்வது?

அக்கா ஆற்றைப் பார்க்கவில்லை. சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் அவளுக்கு முன் வந்து உட்கார்ந்தார். "பாக்கியம், நான் யோசிச்சுப் பாத்தேன். நம்பர் பிளேட்டு வண்டியில சேராது. அது அரசாங்கத்து ஒட்டுப்பலக. வண்டியில கீறல் இல்ல."

"அடியில ஒரு கல்லு உருண்டுச்சே?"

"அடியில யாரு படுத்துப் பாக்கப் போறா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "வாத்தியாரம்மா, நீ என்ன சொல்ற?"

"நீ சொல்லாவிட்டால் அவனுக்குத் தெரியப்போவதில்லை" என்றுதான் நான் நினைத்தேன். அதைச் சொல்லவில்லை. அவள் கேட்டதன் பொருள் வேறு. இனி அவள் அந்த இருக்கையில் உட்காரலாமா, கூடாதா என்பதை அவள் கேட்டாள். அடுத்து எங்கே போவது என்றுகூட ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். மங்கோலியாவில் சாலையே இல்லையாம், புல்வெளியில் நாமே வழி பிரித்துக்கொண்டு போகலாமாம். அதைப் பேசும்போது அவளுக்கு வயது குறைந்துவிடும்.

"அவன்கிட்ட நீ குடுத்த வாக்கு. அதுல நான் பேச ஒண்ணும் இல்ல" என்றேன்.

"சேதம் சேதம்தான்" என்றாள் அக்கா. "அவங்கிட்டச் சொல்ற வரைக்கும் ஓட்டுவேன். சொன்ன பெறகு சாவி எங்கிட்ட இருக்காது."

அத்தான் எழுந்துபோய், தம் காலுறைகள் காய்ந்துவிட்டனவா என்று தடவிப் பார்த்தார். நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

கணவாய்க்கு அப்பால்

காலையில் ஆறு மெலிந்து கிடந்தது. முந்தின நாள் நாங்கள் கண்ட அதே ஒல்லித் தண்ணீர், அதே வெள்ளைக் கல். நேற்று நடந்தது எதுவும் தனக்குத் தெரியாததுபோல இருந்தது. குதிரைக்காரர் முன்னே சென்றார். சக்கரத்தின் பாதிகூட நனையவில்லை. மறுகரையில் அவர் அக்காவின் கையைத் தம் இரு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். அத்தானிடம் ஏதோ சொல்லி, குக்கர்போலக் கூவிக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

கணவாய் ஏற்றம் கடுமை. கொண்டையூசி வளைவுகளில் ஒருபுறம் மலை, மறுபுறம் வெறும் வெளி. பல இடங்களில் பனி இன்னும் சாலையோரம் அழுக்கு வெள்ளையாய்க் கிடந்தது. அக்கா அந்த வழியை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினாள். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. உச்சியில் நிறுத்தி இறங்கினாள். இருபுறமும் மலைகள் அலையலையாய்ப் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் பக்கத்தில் வானம் தரையில் போய் முடியும். அங்கே அதற்கு முடியும் இடமே கிடைக்கவில்லை. அவள் வண்டியின் முன்பக்கத்தில் கைவைத்தபடி நின்று, போதுமான அளவு பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

கீழே சிற்றூரில் ஒரு கைபேசிக் கோபுரம் தெரிந்தது. முதல் வீட்டைத் தாண்டும்போதே அக்காவின் கைபேசி அடிக்கத் தொடங்கியது. வண்டியை ஓரத்தில் நிறுத்தினாள். சாவியை உருவி, அத்தானின் கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கினாள். பிறகுதான் பேசினாள். எங்களுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, நேத்துப் பூரா போனு போகல. எங்கதான் போனீக?"

"செந்திலு, மூணு பேரும் நல்லாருக்கோம். மொதல்ல அதக் கேட்டுக்க."

"என்னாச்சு?"

"வண்டியில சேதம். முன்னாடி நம்பர் பிளேட்டு பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. உள்ள தண்ணி ஏறிருச்சு. ஆத்துக்குள்ள நிப்பாட்டிச் சோறாக்குனோம்."

அதற்கு மேலும் ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவன் காத்திருப்பது எனக்குப் புரிந்தது.

"சரி. ஆக்குனீக. பெறகு?" என்றான்.

அக்கா கைபேசியை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். "என்ன பெறகு? ஆத்துக்குள்ளடா. நட்டநடு ஆத்துக்குள்ள."

"ஆத்துக்குள்ள நிப்பாட்டாம ரோட்டுலயாம்மா நிப்பாட்டுவாக?"

"அது நம்ம ஆறு இல்லடா. இங்க வெயிலு ஏறுனா மலையில பனி உருகி மத்தியானம் தண்ணி வருது. கேக்காமக் கொள்ளாமக் கொண்டுபோயி எறக்கிட்டேன். தப்பு எம்மேலதான். சாவிய ஒங்கப்பாகிட்டக் குடுத்துட்டேன்."

"அவரு அத வச்சு என்ன செய்வாரு?"

"அதத்தாண்டா நானும் ரோசன பண்றேன்" என்றார் அத்தான். சாவியைத் தேளைப் பிடித்ததுபோல இரண்டு விரலில் பிடித்திருந்தார்.

செந்தில் சிரிக்கவில்லை. காரியாபட்டியில் அவன் வீட்டு வாசலில் பேருந்து ஒன்று ஒலியெழுப்பிக் கடந்துபோவது எங்களுக்குக் கேட்டது. அன்று அவன் வேலைக்குப் போகவில்லை.

"போன தடவ கலியாணத்துல போட்டாவப் பாத்துத்தான் தெரிஞ்சது" என்றான்.

"ஆமா."

"வாக்க எங்கிட்டத்தான குடுத்தீக?"

"ஒங்கிட்டத்தான்."

"திருப்பிக் குடுத்துட்டேன். வாங்கிக்கங்க."

"வாக்கத் திருப்பிக் குடுக்குறதாவது? அது என்ன, எரவல் வாங்குன ஒலக்கையா?"

"அம்மா. வாங்கிக்கங்க."

கைபேசியை அவள் அணைத்தாளா, அவன் அணைத்தானா, எனக்குத் தெரியவில்லை. அக்கா கையை நீட்டினாள். அத்தான் அவசரமாகச் சாவியை அதில் போட்டார்.

ஊர் முடியுமிடத்தில் சாலை சரிந்து இறங்கி, இன்னோர் ஆற்றைக் கடந்து போயிற்று. அகலமில்லாத ஆறு. ஆழமும் அவ்வளவாகத் தோன்றவில்லை. அத்தான் பின்னிருக்கையில் சாய்ந்து, "பெறகென்ன, விடு வண்டிய" என்றார்.

அக்கா அண்ணாந்து வெயிலைப் பார்த்தாள். இறங்கி நடந்துபோய்த் தண்ணீரின் ஓரத்தில் குந்தி, ஒரு கை அள்ளி அதன் நிறத்தைப் பார்த்தாள். திரும்பிவந்து, சாலையோரம் வரிசையாக நின்ற மரங்களில் ஒன்றின் நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில" என்றாள்.